நீலத் தாள்

ஏரி உறைந்துவிட்டது. லாரிகள் குறுக்குவழியாக
அதன்மேல் போய்வருகின்றன.
அதனால் செவ்வாய்தோறும் இரவு ஒன்பதுக்குமேல்
குவோபியோ நகர நீச்சல்குளம் எங்களுடையது:
இரண்டு மணி நேரம், தலைக்குப் பத்து யூரோ.

என் பிழைப்பு பல்.
யார் யாருடையவோ வாய்கள் பிளாஸ்டரில் இறுகி
நாள் முழுக்க மேசையில் இளிக்கும்.
மிஞ்சிய ஈறு நிற அக்ரிலிக்கில்
ஒரு சுழலி வார்த்தேன், ஐந்து இதழ்.
அதைச் சுற்றி ஒரு குழல்:
முன்னால் அகன்ற வாய், பின்னால் ஒடுங்கிய இடுப்பு,
விழுங்குவதை வயிற்றில் தங்கவிடாமல் துப்பத் தெரிந்தது.

சம்ப்சா தன் நீர்மூழ்கியின் வெண்கல விசிறியைத் தடவிக்கொண்டே
"பொய்ப்பல் நீந்துமா?" என்றான்.
நீந்தவில்லை. உருண்டது.
சுழலி வலம் சுற்ற, உடல் இடம் சுற்றியது,
தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல.

நீரின் முறுக்கைப் பிரிக்க
பின்னால் அசையாத் தகடுகள் ஏழு வைத்தேன்.
ஐந்துக்குப் பத்துதானே அழகு என்றாள் கெர்த்து.
அழகுதான். ஐந்தும் பத்தும்
ஒரே நொடியில் நேருக்கு நேர் வந்து நிற்கும்,
உடம்பெல்லாம் உதறும்.
ஐந்தும் ஏழும் கூட்டமாகச் சந்திப்பதே இல்லை;
அந்தப் பகைதான் அமைதி.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் கட்டி இழுக்கவிட்டேன்:
நூற்றி அறுபது கிராம்.
இதழ் நுனிக்கும் குழல் சுவருக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டர் சந்து.
அதன் வழியே நீர் நழுவித் திரும்புகிறது,
கையெழுத்துப் போட்டுவிட்டுக்
காப்பிக்குப் போய்விடுகிறவனைப்போல.

சந்தை ஒடுக்கினால் உரசுகிறது.
எந்த இதழ்? கண்ணுக்குத் தெரியாது.
கை தானாக இழுப்பறைக்குப் போனது:
பல் வைத்தபின் "கடித்துப் பாருங்கள்" என்று
வாய்க்குள் நீட்டுகிற நீலத் தாள்.
குழலுக்குள் சுருட்டி வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.
மூன்றாம் இதழின் நுனியில் கடுகளவு நீலம்.
தேய்த்தேன். மீண்டும் கடிக்கவிட்டேன். தேய்த்தேன்.
இருநூற்றி நாற்பது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எனக்கு ஆழம் தெரியும்: மூன்று மீட்டர் எண்பது.
காலை விடுவதுதான் இல்லை.
முப்பத்தொன்பது வயதில்
ஒருமுறைகூட நீருக்குள் தலையை முக்கியதில்லை;
அதனால்தானோ என்னவோ, போய்வர ஒரு ஆள் செய்கிறேன்.

மூன்றாம் செவ்வாய் அது அடித்தரையில் நின்றுபோனது.
அவசர மிதவையா? அடுத்த வாரம் பொருத்துவதாக இருந்தேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.
காவலர் ஒஸ்மோ ரப்பர் செருப்பு சப்திக்க வந்து
குழந்தைகளின் பொம்மை எடுக்கும் நீளக் கொக்கியைக்
குழலிலேயே மாட்டித் தூக்கினார்.

சுழலியின் கழுத்தில் முடி.
குளித்துப்போன நகரத்தின் ஒரு நாள் முடி:
பச்சைச் சாயம் ஏறியது ஒன்று,
ஒரு குழந்தையின் பொன் நூல்,
வெள்ளையாய் நெளிந்தது ஒன்று,
பெல்கோனென் அம்மாளுடையதோ?
அவர் கீழ்த்தாடை என் கைவேலை.
ஊரை வாயால் மட்டும் அறிந்தவள்
அன்றைக்குத் தலையாலும் அறிந்தேன்,
இடுக்கியால், ஒவ்வொன்றாக.

வாயில் வலை கட்டினால் முடி நிற்கும்;
விசையும் பாதி நிற்கும்.
இதழ்களின் முன்விளிம்பைப் பின்னுக்குச் சாய்த்தேன்
கோரைப்பல்லின் சரிவில்,
எதுவும் பிடித்துத் தொங்க இடமில்லாதபடி.

நேற்று,
அடித்தரையின் கறுப்புக் கோட்டின்மேல் கறுப்பாக
அதைப் போகவிட்டேன்.
மேலே ஒரு சுருக்கம் இல்லை. ஒலி இல்லை.
மற்றவர்கள் சவுனாவுக்குப் போயிருந்தார்கள்.
ஒஸ்மோ வந்து
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.
"முடிஞ்சுதா ஹில்க்கா, காலியாத்தானே இருக்கு"
என்று பதிலுக்கு நிற்காமல்
விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இருட்டில்,
மூன்று மீட்டர் எண்பதில்,
ஐந்தும் ஏழும்
ஒன்றையொன்று தவறவிட்டுக்கொண்டிருந்தன.
நான் வாயைத் திறக்கவில்லை.